ஒன்றரை மணி முதல் நாலு இருபது வரை: நானாவதி வழக்கை வகுப்பில் நடத்திய கதை

சட்டக் கல்லூரியில் ஒரு விசித்திரம் உண்டு. தண்டனைச் சட்டம் ஒரு பருவத்தில், குற்றவியல் நடைமுறை இன்னொன்றில், சாட்சியச் சட்டம் வேறொன்றில் என்று பிரித்து நடத்துவோம். நீதிமன்றத்தில் மூன்றும் ஒரே வழக்குக் கட்டுக்குள்தான் வருகின்றன. கொலைக்கும் கொலையாகாத மரணக் குற்றத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மாணவர்கள் பிரிவு எண்ணோடு ஒப்பிப்பார்கள். "சரி, இந்த வாதத்தை யார், எந்தக் கட்டத்தில், எதைக் காட்டி வைக்கணும்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்த அமைதியைச் சில வருடம் பார்த்துவிட்டு, ஒரே வழக்கை எடுத்து மூன்று சட்டத்தையும் அதிலேயே நடத்திப் பார்ப்போம் என்று இறங்கினேன். எடுத்தது கே.எம். நானாவதி எதிர் மகாராஷ்டிர அரசு. இரண்டு அணி மாணவர்களுக்கு நடத்தினேன். முதல் முறை சொதப்பியது, இரண்டாம் முறை ஓரளவு தேறியது.

வழக்கின் சுருக்கம் இதுதான். நானாவதி கடற்படை அதிகாரி, ஐ.என்.எஸ். மைசூர் கப்பலில் இரண்டாம் நிலைப் பொறுப்பு. 1959 ஏப்ரல் 27 அன்று, பம்பாய் வீட்டில், பிரேம் அகுஜா என்பவருடன் தனக்குத் தொடர்பு இருந்ததை மனைவி சில்வியா அவரிடம் ஒப்புக்கொள்கிறார். நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் காரில் சினிமா கொட்டகைக்குக் கூட்டிப் போய் இறக்கிவிடுகிறார். படம் முடிந்ததும் வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அங்கிருந்து கப்பலுக்குப் போய், பொய்க் காரணம் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கிப் பழுப்பு நிற உறையில் போட்டுக்கொள்கிறார். அகுஜாவின் அலுவலகத்தில் ஆள் இல்லை. பிறகு அகுஜாவின் வீட்டுக்குப் போய்ப் படுக்கையறைக்குள் நுழைகிறார். குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்ற அகுஜாவிடம், அவளைக் கல்யாணம் செய்து குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டதாகவும், அதற்கு ஏளனமான பதில் வந்ததாகவும் நானாவதி தரப்பு சொன்னது. அடுத்து துப்பாக்கி வெடித்தது. அகுஜாவின் உடலில் மூன்று குண்டுக் காயங்கள். நானாவதி தானே போய்ச் சரணடைந்தார்.

நடுவர் குழு, அதாவது ஜூரி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி அல்ல என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதே சாட்சியங்களைப் பார்த்து ஆயுள் தண்டனை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 1961 நவம்பர் 24 அன்று அதை உறுதி செய்தது. சாட்சியமும் சட்டமும் மாறவில்லை, முடிவு மட்டும் மாறியது. முடிவு செய்தவர் யார், எந்தக் கட்டத்தில், எந்தக் கேள்விக்கு என்பதுதான் மாறியது. நான் சொல்லிக்கொடுக்க நினைத்தது இதைத்தான்.

முதல் முறை செய்த தப்பு எளிமையானது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நகலெடுத்துக் கொடுத்து, படித்து வாருங்கள் என்றேன். அவர்கள் தீர்ப்பின் தொடக்கத்தில் வரும் சுருக்கமான ஹெட்நோட்டைப் படித்து வந்தார்கள். இருபது நிமிடத்தில் வகுப்பு முடிந்தது. "மூணு மணி நேரம் ஆயிடுச்சு சார், கோபம் தணிஞ்சிருக்கும், அதனால 302." (302 என்பது கொலைக்கான தண்டனைப் பிரிவு.) சரியான பதில்தான். ஆனால் அதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, கண்டெடுத்தார்கள். தீர்ப்பு என்பது ஜெயித்த கதை. அதில் தோற்ற வாதங்கள் ஏற்கெனவே தோற்றுப்போன கோலத்தில்தான் வரும். தீர்ப்பை மட்டும் படித்து வளர்ந்த மாணவருக்கு, முடிவு தெரியாத வழக்கு எப்படி இருக்கும் என்று தெரியாமலே போய்விடுகிறது. கட்சிக்காரர் கொண்டுவரும் வழக்கு எல்லாமே முடிவு தெரியாதவைதான்.

அடுத்த அணிக்குத் தீர்ப்பைக் கண்ணில் காட்டவில்லை. இந்தக் கதையைச் சினிமாவாகப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களை முன்கூட்டியே வகுப்பில் அமைத்த ஜூரியிலிருந்து விலக்கினேன். ("சார், இதுவே ஒரு பாடம்" என்றாள் ஒரு பெண். உண்மைதான்.) தீர்ப்பில் உள்ள சாட்சிகளின் கூற்றுகளைத் தனித்தனித் தாளாக்கி, அரசுத் தரப்புக்கு அவர்களுடையதை மட்டும், எதிர்த் தரப்புக்கு அவர்களுடையதை மட்டும் கொடுத்தேன். கரும்பலகையில் ஒரே ஒரு கோடு. இடது முனையில் பிற்பகல் 1.30, வலது முனையில் 4.20. வீட்டை விட்டுக் கிளம்பிய நேரமும் சுட்ட நேரமும்.

அந்தக் கோட்டிலேயே இரண்டு வகுப்பு போயிற்று. தண்டனைச் சட்டம் பிரிவு 300-இன் முதல் விதிவிலக்கு: கடுமையான, திடீரென்ற சினமூட்டலால் தன்கட்டுப்பாட்டை இழந்த நிலையில் கொன்றால் அது கொலையாகாது. மாணவர்கள் முதலில் பிடித்துக்கொண்டது 'கடுமையான' என்ற சொல்லை. எவ்வளவு பெரிய அவமானம், யாருக்குத்தான் கோபம் வராது என்று. எதிர்த் தரப்புக் குழு அரை மணி நேரம் மனம் உருகப் பேசியது. கேட்டுவிட்டுக் கோட்டின் நடுவில் மூன்று புள்ளி வைத்தேன்: சினிமா கொட்டகை, கப்பல், அலுவலகம். "ஒவ்வொரு புள்ளியிலும் இந்த மனுஷன் என்ன நிலையில் இருந்தார்னு ஒரு வரி எழுதுங்க" என்றேன்.

எழுதும்போதுதான் பிரச்சினை அவர்களுக்கே தெரிந்தது. கொட்டகையில் குழந்தைகளை இறக்கிவிடும்போது திரும்பி வந்து அழைத்துக்கொள்வதாகச் சொன்னவர் தன்கட்டுப்பாட்டை இழந்தவரா? கப்பலில் ஆயுதம் கேட்கும்போது நம்பும்படியான பொய் ஒன்றை யோசித்துச் சொன்னவர்? இன்னொரு பையன் கணக்குப் போட்டுப் பார்த்து, "இது மூணு மணி நேரம் இல்ல சார், ரெண்டு மணி ஐம்பது நிமிஷம்" என்றான். பிறகு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் மூன்று மணி நேரம் என்றே இருப்பதைக் காட்டியதும் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பத்து நிமிடத்தில் வழக்கு மாறிவிடாது. ஆனாலும் தீர்ப்பு வரியை ஆவணத்தோடு ஒத்துப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு அவனுக்கு வந்தது.

இங்கே ஒரு கூர்மையான இடம் உண்டு. நானாவதி தரப்பின் மிக உருக்கமான விஷயம், அவர் மனைவி குழந்தைகளின் எதிர்காலத்தை நினைத்துத்தான் அங்கே போனார் என்பது. வகுப்பில் அனுதாபம் முழுவதையும் வாங்கியது இதுதான். உச்ச நீதிமன்றம் அதையே எடுத்துத் திருப்பிப் போட்டது: எதிர்காலத்தைப் பற்றி யோசித்தார் என்றால் தன்னிலைக்குத் திரும்பிவிட்டார் என்றுதானே அர்த்தம்? நல்ல மனிதர் என்று காட்ட வைத்த வாதம், விதிவிலக்கைக் கெடுத்துவிட்டது. படுக்கையறையில் கிடைத்த ஏளனப் பதிலே புதிய சினமூட்டல் என்று ஒரு மாணவி விடாமல் வாதாடினாள். தானே திட்டி, அதற்கு வந்த திட்டைச் சினமூட்டலாகக் காட்ட முடியாது என்று நீதிமன்றம் அதையும் தள்ளியது.

அப்போது சென்னை உயர் நீதிமன்றத்தின் முருகையன் வழக்கைப் பக்கத்தில் வைத்தேன். நானாவதி தீர்ப்பிலேயே நீதிபதி சுப்பா ராவ் அதை எடுத்துப் பேசுகிறார். அதில் மனைவி வேறொருவருடன் தொடர்பு வைத்திருந்ததோடு, இனியும் அப்படித்தான் இருப்பேன் என்று கணவன் முகத்துக்கு நேரே சொல்லி, தட்டிக் கேட்டதற்குத் திட்டவும் செய்தாள். கணவன் அவளைக் கொன்றான். நீதிபதி சோமசுந்தரம் முதல் விதிவிலக்கு பொருந்தும் என்றார். முந்தைய நடத்தை உருவாக்கிய மனநிலையையும் கணக்கில் எடுக்கலாம் என்ற கொள்கைக்கு இது உதாரணம். மாணவர்கள் கொள்கையைக் குறித்துக்கொண்டார்கள். மாணவிகள் குறிக்கவில்லை. "செத்தது மனைவின்னா உடனே விதிவிலக்கு கிடைக்குது, காதலன்னா மணிக்கணக்கு பாக்கறாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். நேர வித்தியாசம்தான் காரணம் என்று சட்டப்படி பதில் சொன்னேன். அவள் திருப்தி அடையவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் சார்ந்த சமூகப் பிரிவைச் சேர்ந்த நியாயமான மனிதன் என்று அளவுகோலை வைக்கிறது தீர்ப்பு. அந்த நியாயமான மனிதன் எப்போதும் ஆண்தானா என்ற கேள்வியை நானே முன்பே எழுப்பியிருக்க வேண்டும்.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். எதிர்த் தரப்பின் முதன்மை வாதம் சினமூட்டல் இல்லை, விபத்து. உறையை எடுக்க அகுஜா முயன்றார், இருவரும் கட்டிப் புரண்டபோது துப்பாக்கி தானாக வெடித்தது என்பது. அரசுத் தரப்பு காட்டிய எதிர்ச் சான்றுகளில் ஒன்று, இறந்தவர் இடுப்பில் இருந்த துண்டு அவிழாமல் அப்படியே இருந்தது. இதை வாயால் சொல்லாமல், ஒரு பையன் பேன்ட்டுக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான், இன்னொருவன் கையில் பழுப்பு உறை, உள்ளே ஸ்டேப்ளர். பிடுங்கு என்றேன். நாலாவது நொடியில் துண்டு தரையில். வகுப்பே சிரிப்பு. அரசுத் தரப்புக் குழு கைதட்டியது.

உடனே எதிர்த் தரப்பிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "இவன் துண்டு கட்டத் தெரியாதவன் சார். நான் கட்டிவிடறேன்." இறுக்கி, முனையை உள்ளே செருகிக் கட்டினாள். இந்த முறை அவிழவில்லை. வகுப்பு அடங்கிவிட்டது. நான் எதிர்பார்க்காத பாடம். துண்டு தனியாக எதையும் நிரூபிக்காது. கப்பலில் சொன்ன பொய், வீட்டுக்குள் போன விதம், காயங்கள், பிறகு நடந்துகொண்ட முறை எல்லாவற்றோடும் சேர்ந்துதான் எடை பெறுகிறது. சூழ்நிலைச் சாட்சியம் பற்றிய அத்தியாயத்தை நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் வாக்குமூலங்கள். சுட்டுவிட்டு வெளியே வந்த நானாவதி மூன்று பேரிடம் பேசுகிறார். கட்டடத்தின் காவலாளி, கடற்படையின் புரோவோஸ்ட் மார்ஷல், கடைசியில் துணைக் காவல் ஆணையர். சாட்சியச் சட்டம் பிரிவு 25-இன்படி காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. (நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்றுதான் பெயர். குற்றம் நிரூபணமாகும் வரை நிரபராதி என்று முதல் வகுப்பில் சொல்லிவிட்டு, இரண்டாம் வகுப்பில் இந்தச் சொல்லைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.) காவலாளியிடம் சொன்னது உள்ளே வரும், துணைக் காவல் ஆணையரிடம் சொன்னது வராது. நடுவில் இருப்பவர்? அவர் கடற்படையின் ஒழுங்குக் காவலர். பிரிவு 25-இல் வரும் 'காவல் அதிகாரி' அவரா? இந்தக் கேள்வியைப் பிடித்து, தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்குவரை போனோம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் புலன்விசாரணை செய்யும் அதிகாரிகளும் காவல் அதிகாரிகளே என்று 2020-இல் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். சீருடையின் நிறம் முக்கியமில்லை, அதிகாரத்தின் தன்மைதான் முக்கியம் என்பது இரண்டு வழக்கையும் அருகருகே வைத்தால்தான் பிடிபடுகிறது.

எல்லாவற்றிலும் கஷ்டமானது, ஜூரிக்கு நீதிபதி தரும் விளக்கவுரையை எழுதச் சொன்ன பயிற்சி. மூன்று பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, சட்டம் படிக்காத ஒன்பது பேருக்குப் புரிய வேண்டும். வந்த தாள்களில் பாதிக்கு மேல் ஒரே தப்பு: "எதிரி தன் குற்றமின்மையை நிரூபிக்க வேண்டும்." இன்னும் சில தாள்களில் நேர்மாறான தப்பு: எதிரி எதையுமே நிரூபிக்க வேண்டியதில்லை.

உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அது வழுக்கும் இடம். கொல்லும் எண்ணத்தோடு சுட்டார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை, அது கடைசிவரை நகராது. விபத்து என்று தண்டனைச் சட்டம் பிரிவு 80-ஐ எதிரி நாடினால், அந்த விதிவிலக்குக்கான சூழ்நிலை இருந்ததைக் காட்டும் பொறுப்பு சாட்சியச் சட்டம் பிரிவு 105-இன்படி அவருடையது. ஆனால் விதிவிலக்கை முழுமையாக நிறுவ முடியாமல் போனாலும், அதற்காக வைத்த அதே சாட்சியம் 'எண்ணத்தோடுதான் சுட்டாரா' என்பதில் நியாயமான சந்தேகத்தைக் கிளப்பிவிட்டால் போதும், அவருக்கு விடுதலைதான். நானாவதி தீர்ப்பில் இந்தப் பகுதியைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அமர்வு நீதிபதி ஜூரிக்குச் செய்த தவறான வழிகாட்டலில் முக்கியமானது இதுதான்: பிரிவு 80-இன் கூறுகளையும் எதிரியின் பொறுப்பையும் அவர்களுக்குச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. "நாம எழுதினதவிட ஜட்ஜ் எழுதினது ஒண்ணும் பெரிசில்ல போல" என்றான் பின் பெஞ்சுக்காரன். தைரியம் வந்தால் சரி.

எங்கள் வகுப்பு ஜூரி ஆறுக்கு மூன்று என்று விடுதலை தந்தது. அடுத்த வகுப்பில் நான் நீதிபதியாக உட்கார்ந்து, இந்த முடிவை ஏற்க மாட்டேன், உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறேன் என்றதும் கூச்சல். அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 307. ஜூரியின் முடிவோடு நீதிபதி முரண்பட்டு, நீதியின் நோக்கத்துக்கு அவசியம் என்று தெளிவாகக் கருதினால் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே முழுச் சாட்சியத்தையும் திரும்பப் பார்ப்பார்கள். பம்பாயில் நடந்தது இதுதான். ஜூரி விடுவித்தது என்று ஊருக்கே தெரியும். எந்தப் பிரிவின் வழியாக அந்த விடுதலை கரைந்தது என்பது தெரிந்தவர்கள் குறைவு.

இதே இடத்தில் இன்றைய நிலையையும் சொன்னேன். இப்போது ஜூரி இல்லை. விடுதலைக்கு எதிராக அரசு மேல்முறையீடு செய்யலாம், ஆனால் இரண்டு கருத்துக்கும் இடமிருந்தால் விடுதலையில் கைவைக்கக் கூடாது என்கிறது சந்திரப்பா வழக்கு (2007). நானாவதி வழக்கால்தான் இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்தது என்று மாணவர்கள் மட்டுமல்ல, சில வழக்கறிஞர்களும் சொல்கிறார்கள். அது அப்படியல்ல. ஜூரி முறையை நீக்கலாம் என்று சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கை 1958-லேயே பரிந்துரைத்துவிட்டது. அந்தத் துப்பாக்கி வெடித்தது அதற்கு அடுத்த வருடம். முறை முழுவதுமாக விடைபெற்றது 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு.

ஆளுநர் கதைக்கு அரை வகுப்புதான் கொடுக்க முடிந்தது. உயர் நீதிமன்றம் தண்டித்த அதே நாளில், 1960 மார்ச் 11, பம்பாய் ஆளுநர் ஸ்ரீபிரகாசா (அதற்கு முன் சென்னை மாகாணத்திலும் ஆளுநராக இருந்தவர்) அரசியல் சட்டம் 161-ஆவது கூறின்கீழ் தண்டனையை நிறுத்திவைத்து, கடற்படைக் காவலிலேயே இருக்கட்டும் என்றார். உச்ச நீதிமன்றத்தில் மனுப் போடுபவர் முதலில் சரணடைய வேண்டும் என்ற விதியோடு இந்த உத்தரவு மோதியது. வழக்கு தன் முன் இருக்கும்போது ஆளுநர் குறுக்கே வர முடியாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. பிறகு 1964-இல் வேறொரு ஆளுநர், விஜயலட்சுமி பண்டிட், மன்னிப்பு வழங்கினார். அப்போது வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை.

பிரிவு எண்கள் பற்றி ஒரு புலம்பல். 2024 ஜூலை 1-இல் இந்த மூன்று சட்டங்களுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்த பிறகு, பழைய எண்ணில் நடத்துவதா புதிய எண்ணிலா என்பதில் ஆசிரியர்கள் அறையில் தினமும் சண்டை. கொலைக்குத் தண்டனை இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. அதில் 302 என்றால் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. 80 இப்போது 18, சாட்சியத்தின் 105 இப்போது 108. நான் கோட்டின் மேல்புறம் பழைய எண், கீழ்ப்புறம் புதிய எண் என்று இரண்டையும் எழுதிவிடுகிறேன். ஜூலைக்கு முன் நடந்த குற்றங்கள் பழைய எண்ணிலேயே இன்னும் பல வருடம் நடக்கும், மாணவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

இந்த முறையில் நேரம் நிறையப் போகிறது. பாடத்திட்டத்தில் சொத்துக் குற்றங்கள் முழுவதையும் கடைசி மூன்று வகுப்பில் ஓட்டினேன், அது நன்றாகவே இல்லை. ஒரே வழக்கு என்பதால் புலன்விசாரணை, கைது, ஜாமீன் எல்லாம் ஓரத்தில் நின்றுவிட்டன. சரணடைந்த ஒரு அதிகாரியின் வழக்கை வைத்துக் கைது நடைமுறையைச் சொல்லிக்கொடுப்பது, பட்டினி பற்றிக் கல்யாண வீட்டில் பேசுவது மாதிரி. அதற்கு வேறு கட்டு வேண்டும். யாருக்கும் தெரியாத, வக்கீல் வைக்க வசதியில்லாத ஒருவருடைய வழக்கு.

இன்னொன்று. கடைசி வகுப்பில், பாத்திரங்கள் எழுதியிருந்த தாளை மடிக்கும்போது முதல் பெஞ்சில் இருந்தவள் கேட்டாள்: "சார், அந்த ஃபிளாட்ல வேற யாருமே இல்லையா?" இருந்தார். அகுஜாவின் சகோதரி. சத்தம் கேட்டு அறைக்கு வந்தவர், என்ன இது என்று கேட்டவர். நானாவதி அவருக்குப் பதில் சொல்லாமல் வெளியேறினார். அரசுத் தரப்புச் சாட்சியும்கூட. நான் தயாரித்த தாள்களில் காவலாளி இருந்தார், கப்பல் அதிகாரி இருந்தார், துண்டும் உறையும்கூட இருந்தன. அவருக்கு ஒரு தாள் போட எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த அணிக்கு அந்தத் தாளைத்தான் முதலில் எழுதி வைத்திருக்கிறேன்.